லாரி டிரைவரும் தலையெழுத்தும்

தொழிலை இழந்து, கடனாளியாகி, நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசி, பிறகு எப்படியோ தட்டுத் தடுமாறி எழுந்து நிற்கின்ற ஒருவனைப் பார்த்தால் நம் ஜனங்கள் முதலில் கேட்பது, "எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாய்?" என்பதுதான். அவன் விழுந்து கிடந்த காலத்தில் இதே ஜனங்கள் சொன்னது, "எல்லாம் தலையெழுத்து" என்பது. ஆகவே விழுந்ததற்குக் காரணம் பிரம்மா, எழுந்ததற்குக் காரணம் பெருமாள் என்று கணக்கு முடிந்து போகின்றது. இந்தக் கணக்கிலே அவனைத் தள்ளிவிட்டவன் பெயரும் கிடையாது. எழுந்து நிற்பதற்கு அவன் பட்ட பாட்டுக்கு வரவும் கிடையாது. இப்படிக் கணக்கெழுதுவதால் யாருக்கு லாபம் என்பதை ஒரு லாரி டிரைவரின் கதையை வைத்துக்கொண்டு சற்று விசாரிக்கலாம் என்று கருதுகின்றோம்.

நாம் சொல்லுவது நம் ஊர் டிரைவரைப் பற்றியல்ல. பஞ்சாபிலிருந்து கனடா தேசத்துக்குப் பிழைக்கப் போன டிரைவரைப் பற்றியாகும். அந்தத் தேசத்திலே டொரண்டோவை அடுத்த பிராம்ப்டன் பட்டணத்திலும், மேற்குக் கரையில் வான்கூவரைச் சுற்றிய ஊர்களிலும் லாரித் தொழிலில் இருப்பவர்களில் பஞ்சாபிகள் ஏராளம். இவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லி நாம் எழுதவில்லை. பலருக்கு நேர்ந்ததை ஒரே ஆள்மேல் ஏற்றிச் சொல்லுகின்றோம். அப்படிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

இந்த ஆள் ஊரில் இருந்த கொஞ்ச நிலத்தை விற்கிறார். ஒரு ஏஜெண்டினிடம் பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார். எதற்கென்றால், கனடாவில் ஒரு முதலாளி தனக்கு உள்நாட்டில் டிரைவர் கிடைக்கவில்லை என்று சொல்லி, வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ளச் சர்க்காரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்குச் சர்க்கார் கட்டணம் 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூல் செய்யக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் அந்தச் சீட்டையே சந்தைச் சரக்காக்கி விற்றார்கள். அது விலை போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. நிரந்தரக் குடியுரிமைக்கு மார்க்குப் போட்டு ஆளெடுக்கும் முறையில், இப்படி ஒரு வேலைச்சீட்டு இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்கு 50 மார்க்கு கூடக் கிடைத்து வந்தது. 2025-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதியிலிருந்து அந்த மார்க்கைச் சர்க்காரே எடுத்துவிட்டார்கள். விற்பனை நடக்கிறது என்று தெரிந்துதான் எடுத்தார்கள். ஆகவே நம் ஆள் கொடுத்த பணம் கிரகம் கேட்ட பணமல்ல. ஒரு மனிதன் கேட்டு, இன்னொரு மனிதன் பங்கு வாங்கிய பணமாகும்.

ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சாமிக்கும் கொடுத்தாயிற்று. ஜலந்தருக்குப் பக்கத்தில் தல்ஹன் என்று ஒரு கிராமம். அங்குள்ள குருத்வாராவில் வெளிநாட்டு விசா வேண்டுவோர் பொம்மை ஆகாய விமானத்தைக் காணிக்கையாக வைக்கிறார்கள். வாசலில் கடை போட்டு விமானம் விற்கிறார்கள். நம் தென்னாட்டார் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரிலே "விசா பாலாஜி" என்றே ஒரு சாமிக்குப் பெயர். விசா வேண்டிப் பதினொரு சுற்று, விசா கிடைத்தால் நூற்றெட்டுச் சுற்று. அங்கே உண்டியல் இல்லையாம். அந்த மட்டில் சந்தோஷம். கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று போதாயனருடைய தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. அதே மதக்காரர்கள் இன்று கடல் கடப்பதற்கென்றே ஒரு கோவிலைச் சுற்றுகிறார்கள். சாஸ்திரம் பொய்யா, சாமி பொய்யா என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீக்கிய மதம் ஜாதியில்லை என்று சொல்லிக்கொண்டு பிறந்த மதம். அந்தத் தல்ஹனிலேயே 2003-ஆம் வருஷத்தில், காணிக்கை குவிகின்ற அந்தத் தலத்து நிர்வாகக் கமிட்டியில் தாழ்த்தப்பட்ட வகுப்பார் தங்களுக்கும் இடம் வேண்டுமென்று கேட்டதன் பேரில் மேல்ஜாதியாருக்கும் அவர்களுக்கும் பெருங் கலகம் மூண்டது. விமானத்தில் ஏற்றி அனுப்புகிற சாமியால் ஊர்க் கமிட்டியில் ஒரு நாற்காலி வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

நிற்க. நம் ஆள் கனடா போய்ச் சேர்ந்தார். ஊரில் பத்து வருஷம் லாரி ஓட்டிய அனுபவம் அங்கே செல்லாது. அங்கு வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பனியில் ஓட்ட வேண்டும். நீண்ட டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளிக் கிடங்கு வாசலில் அங்குலம் பிசகாமல் நிறுத்த வேண்டும். எல்லை தாண்டி அமெரிக்க நெடுஞ்சாலையில் போனால் மொத்த எடை 80,000 ராத்தல், அதாவது ஏறக்குறைய 36 டன். இவ்வளவையும் பதினெட்டுச் சக்கரத்தின்மேல் வைத்து ஓட்டுகிறவனுக்குப் பயிற்சி வேண்டாமா? ஒண்டாரியோ மாகாணம் 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் குறைந்தது நூற்று மூன்றரை மணி நேரம் பயிற்சி பெற்றால்தான் பரீட்சை என்று விதித்தது. மற்ற மாகாணங்கள் சும்மா இருந்தன. அதன் பலனைப் பிறகு சொல்லுகின்றோம்.

இவர் பயிற்சி முடித்து லைசென்சு வாங்கினார். வேலையில் சேர்ந்ததும் முதலாளி சொன்னது என்ன? "நீ என்னிடம் கூலியாள் அல்ல. உன் பேரில் ஒரு கம்பெனி பதிவு செய்துகொள். என் கம்பெனி உன் கம்பெனிக்குப் பணம் கொடுக்கும்" என்பதாகும். லாரி முதலாளியுடையது, சரக்கு முதலாளியுடையது, எந்நேரம் எங்கே போக வேண்டும் என்பதும் முதலாளி சொல்லுவது. ஆனால் டிரைவர் மட்டும் ஒரு "கம்பெனி"! ஒரு ஆளே கம்பெனி, அவனே டைரக்டர், அவனே கிளீனர். இதனால் முதலாளிக்கு விடுமுறைச் சம்பளமில்லை, அதிக நேரக் கூலியில்லை, வேலையில் காயம்பட்டால் நஷ்டஈட்டுச் சந்தாவில்லை, வேலை போனால் கிடைக்க வேண்டிய உதவிக்குக் கட்ட வேண்டிய பங்கும் இல்லை. டிரைவருக்குக் கிடைப்பது "முதலாளி" என்ற பட்டம் ஒன்றுதான். நம் நாட்டிலே கோவில் வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுக்காமல் "கைங்கரியம்" என்று பட்டம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இந்தத் தந்திரம் செல்லாது என்று கனடா மத்திய தொழிற்சட்டம் 2021-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து சொல்லுகின்றது. மாகாணம் விட்டு மாகாணமும் தேசம் விட்டுத் தேசமும் போகின்ற லாரிகள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. "இவன் என் கூலியாள் அல்ல" என்று முதலாளி சொன்னால் அதை ருஜுப்பிக்க வேண்டிய பொறுப்பும் முதலாளியினுடையதே. கொடுக்காத சம்பளத்துக்குத் தொழிலாளி மனுப்போடலாம். மனுவுக்கு வாயிதா ஆறு மாதம். முதலாளியோடு மட்டுமே கட்டிப்போட்ட அனுமதியில் வந்து அவனிடம் அவதிப்படுகிற வெளிநாட்டு ஆள், வேறு எவரிடமும் வேலை செய்யக்கூடிய தனி அனுமதி கேட்கலாம் என்று 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலேயே விதி செய்திருக்கிறார்கள். இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. நம் ஆளுக்குத் தெரியாது. ஏஜெண்டு சொல்லவில்லை, குருத்வாராவிலும் சொல்லவில்லை.

ஒரு மாரிக்காலத்து இரவு. கண்ணாடிபோல் உறைந்த ரோட்டில் லாரி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. நல்லகாலமாக உயிர்ச்சேதமில்லை. முதலாளி பாக்கிச் சம்பளத்தை நிறுத்திக்கொண்டான், ஆளையும் நிறுத்திவிட்டான். வேறு கம்பெனிக்குப் போனால், "எங்கள் இன்ஷூரன்ஸ்காரர் உன்னை ஏற்கமாட்டார்" என்கிறார்கள். இங்கேதான் அவருடைய வீழ்ச்சி ஆரம்பமாயிற்று. ஊரிலே கடன், அங்கே வாடகை. அனுமதியோ அந்த ஒரே முதலாளியோடு கட்டியது.

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்? ஏழரை நாட்டுச் சனி என்றார்கள். பத்திரிகையிலே விளம்பரம் செய்கின்ற ஜோசியன் ஒருவன் கல் வைத்த மோதிரம் கொடுத்தான். பரிகாரம் ஆறு மாதத்துக்கு என்றான். ஆறு மாதம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சம்பளப் பாக்கிக்கு மனுப்போடச் சட்டம் கொடுத்த வாயிதாவும் அதே ஆறு மாதம்தான். ஒன்றை நம்பி உட்கார்ந்ததில் மற்றொன்று கைவிட்டுப் போயிற்று. அவர் சம்பளத்தைத் தின்ற முதலாளி அந்த வருஷம் திருவிழாவில் அன்னதானம் செய்தான். மேடையில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்திலே நின்று நம் ஆளும் கைதட்டினார். ஏனென்றால் அவர் குற்றவாளி என்று நினைத்தது அந்த முதலாளியை அல்ல, சனி பகவானை! "தலையெழுத்து" என்ற ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் திருடர்களுக்குச் செய்திருக்கின்ற உபகாரம் வேறு எவனும் செய்ததில்லை.

மனித காரியத்தைக் கிரகத்தின்மேல் போடுவதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, முன்னே சொன்ன அந்தப் பலனைச் சொல்லுகின்றோம். 2018-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஹம்போல்ட் என்ற சிற்றூரின் பனிஹாக்கிக் கோஷ்டி போன பஸ்ஸும் ஒரு லாரியும் நாற்சந்தியில் மோதி 16 பேர் இறந்தார்கள். 13 பேர் காயமடைந்தார்கள். லாரி ஓட்டியவர் இந்தியாவிலிருந்து குடியேறிய இளைஞர். "நில்" என்ற பலகையைக் கவனியாமல் ஓட்டிவிட்டார். அவர் விசாரணையை இழுத்தடிக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் எட்டு வருஷம் சிறை விதித்தார்கள். 2024-இல் நாடுகடத்தவும் உத்தரவிட்டார்கள். அவர் செய்த தவறு தவறுதான். பதினாறு குடும்பங்களின் முன்னால் அதை ஒருவரும் மறுக்க முடியாது. ஆனால் அவரை இரண்டே வார அனுபவத்தோடு இரட்டை டிரெய்லர் கொடுத்து அனுப்பிய லாரிச் சொந்தக்காரருக்கு, தஸ்தாவேஜுகளும் பத்திர விதிகளும் சரியாக நடத்தாத குற்றத்துக்கு, விதித்த அபராதம் எவ்வளவு? 5,000 டாலர்! அதற்குப் பிறகுதான் சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் 2019 மார்ச்சில் கட்டாயப் பயிற்சி கொண்டுவந்தன. பயிற்சி இல்லாமல் லைசென்சு கொடுத்தது விதியா? அப்படியானால் 2019-இல் சட்டம் செய்து மாற்றியது எதை? மாற்றக்கூடியதற்கு விதி என்று பெயர் வைக்கக்கூடாது என்பதே நமது வாதம்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் புளோரிடா நெடுஞ்சாலையில் ஒரு இந்திய டிரைவர் தகாத இடத்தில் லாரியைத் திருப்பியதால் மூன்று பேர் மாண்டார்கள். ஒன்பது நாளைக்குள், 21-ந் தேதி, வெளிநாட்டு லாரி டிரைவர்களுக்கு வேலை விசாவே நிறுத்தப்படுகிறது என்று அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி அறிவித்தார். ஒருவன் செய்த தப்புக்கு அவன் கூட்டத்தார் எல்லோரும் குற்றவாளி! நம்மவர்கள் இதைக் கேட்டு, "என்ன அநியாயம்! நிறத்தைப் பார்த்துச் செய்கிறான்" என்று கொதிக்கிறார்கள். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நம் நாட்டில் 1871-ஆம் வருஷத்திலிருந்து குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்து, பிறந்த குழந்தையையும் ஜாதியைச் சொல்லித் திருடன் என்று பதிவு செய்ததே, அப்போது கொதித்த மேல்ஜாதியார் எத்தனை பேர்? வெள்ளைக்காரன் செய்தால் நிறவெறி, நாம் செய்தால் ஜாதி ஆசாரமா?

கனடாவுக்கும் இந்தப் புத்தி முன்பு இருந்ததுதான். தாய்நாட்டிலிருந்து வழியில் இறங்காமல் ஒரே பிரயாணமாக வந்தால்தான் கரையிறங்கலாம் என்று 1908-இல் ஒரு விதி செய்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி வருவதற்குக் கப்பலே கிடையாது. 1914-இல் கோமகாட்டா மாரு கப்பல் 376 பேரோடு வான்கூவர் வந்து, இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நின்று, சொற்பப் பேர் தவிர மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இறங்கியபோது போலீசார் சுட்டதில் சுமார் 20 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பலிலும் வேதம் இருந்தது, கிரந்தம் இருந்தது, குரான் இருந்தது. ஒன்றும் கப்பலைக் கரை சேர்க்கவில்லை. அந்த மாகாணத்தில் இந்தியருக்கு ஓட்டு 1947-இல் வந்தது. மனுவும் கூட்டமும் வாதமும் செய்து வந்தது. 2016-இல் அந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இன்று அதே துறைமுகத்தில் சரக்கேற்ற நிற்கும் லாரிகளில் எத்தனை பஞ்சாபி டிரைவர்கள் என்று போய் எண்ணிப் பார்க்கலாம்.

மறுபடியும் நம் ஆளிடம் வருவோம். அவர் எப்படி எழுந்தார்? முதலாவது, ஒரு கூடப்பிறவாத நண்பர் சொல்லித் தனி அனுமதிக்கு மனுப்போட்டார். செலவான நாளெல்லாம் போக, ஒருநாள் கடிதம் வந்தது. பிறகு ஒரு கிடங்கில் சேர்ந்து இரவிலே பெட்டி அடுக்கினார். ஊரில் சொன்னால் மானம் போய்விடும் என்று முதலில் மறைத்தாராம். மூட்டை தூக்குவதில் போகின்ற மானம் எது? மூட்டை தூக்குகிறவன் கீழ், கணக்கெழுதுகிறவன் மேல், இரண்டும் செய்யாமல் மந்திரம் சொல்லுகிறவன் எல்லோருக்கும் மேல் என்று சொல்லிக் கொடுத்த புத்தியில் வந்த மானம்தானே அது! அடுக்கின பெட்டியில் அடுக்கினவன் ஜாதி ஒட்டிக்கொள்வதில்லை. பிறகு கிடங்கின் வளாகத்துக்குள்ளேயே டிரெய்லரை இழுத்து வாசலுக்கு வாசல் மாற்றி நிறுத்தும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் நூறு தடவை பின்னுக்குத் தள்ளி நிறுத்தினதில் கை திருந்திற்று. அபாயச் சரக்கு ஏற்றுவதற்குரிய சான்றிதழ் படித்து வாங்கினார். பட்டணத்துக்குள் மட்டும் ஓட்டும் வேலை வந்தது.

இவ்வளவுக்குள் மூன்று வருஷம் ஆயிற்று. ஒண்டாரியோவில் டிரைவரின் ரிக்கார்டு என்று கம்பெனிகள் வாங்கிப் பார்ப்பது மூன்று வருஷத்து ரிக்கார்டு. மூன்று வருஷத்தில் புதிதாக ஒரு குற்றமும் இல்லையென்று காகிதம் சொன்னதும் இன்ஷூரன்ஸ்காரர் சரி என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் தர்மவான் அல்ல, லாபத்துக்கு இருக்கிறவன்தான். ஆனால் அவன்கூட ஜாதகம் கேட்பதில்லை, நட்சத்திரம் கேட்பதில்லை. ஒருவன் என்ன செய்தான் என்பதைக் கேட்கிறான். சனி ஏழரை வருஷம் பிடித்துக்கொள்வான் என்று ஜோசியன் சொன்னான். காகிதம் மூன்று வருஷத்தில் விட்டுவிட்டது.

இன்று அவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். புறப்படுமுன் ஒவ்வொரு நாளும் வண்டியைச் சுற்றி வருகிறார். பிரதட்சணமல்ல. ஏர் பிரேக்கில் காற்றுக் கசிகிறதா, பிரேக்குத் தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது, டயரில் எவ்வளவு காற்று, டிரெய்லர் கொக்கி பூட்டியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று சட்டம் கொடுத்த பட்டியல்படி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு நாளைக்கு 13 மணி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாது என்பதை வண்டியில் உள்ள கருவியே குறித்து வைக்கிறது. நம் ஊரிலே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டு, தேய்ந்த டயரோடு இரண்டு நாள் தூக்கமில்லாமல் ஓட்டுகிறார்கள். அந்த டிரைவரை நாம் பழிக்கவில்லை. அவனைத் தூங்கவிடாத முதலாளிக்கு எலுமிச்சம்பழம் டயரைவிட மலிவு.

இப்போது அவர் வீட்டார் கடிதம் எழுதுகிறார்கள்: விடுமுறைக்கு வந்து தல்ஹனில் ஒரு பொம்மை லாரி வைக்க வேண்டுமாம், நல்லபடி ஆனதற்காக. வருவதும் வராததும் அவர் இஷ்டம். ஆனால் அவருடைய தமக்கை மகன் ஒருவன் அதே ஏஜெண்டினிடம் முன்பணம் கொடுக்கப் போகிறானாம். ஊருக்கு வருவதானால் முதலில் அந்தப் பையனை உட்காரவைத்து, 1,000 டாலர் கட்டணம் யார் கட்ட வேண்டியது, கம்பெனி பதிவு செய்யச் சொன்னால் என்ன பதில் சொல்லுவது, சம்பளம் நின்றால் எத்தனை மாதத்துக்குள் மனுப்போடுவது என்கிற மூன்றையும் எழுதிக் கொடுக்கட்டும். மோதிரம் இன்னும் கையில் இருந்தால் அதையும் காட்டி, அதற்காக விட்டுப்போன சம்பளம் எத்தனை டாலர் என்பதையும் அந்தக் காகிதத்தின் அடியிலேயே எழுதட்டும்.